நிலையான இடம்

மகள் சிந்துஜா தைவான் போன வாரமே
இந்தச் செயலியை இறக்கினேன்.
அங்கே நிலம் ஆடினால் இங்கே போன் கத்தும்.
சும்மா கிடக்கிற போன்கள் எல்லாம் சேர்ந்து
பூமிக்கு நாடி பார்க்கின்றனவாம்.
உன் போனும் சேரட்டும் என்றது.
சரிங்க என்றேன், பழக்க தோஷம்.

அது என்னை நீ என்றுதான் பேசும்.
சாமளாபுரத்தில்
எட்டி உதைக்கிற எருமையைக்கூட
'ங்க' போட்டுத்தான் வைவோம்.

"போனை நிலையான இடத்தில் வை."
பீரோ மேல் வைத்தேன். ஆடுகிறது என்றது.
அரிசி டிரம். ஆடுகிறது.
சிமென்ட் அலமாரி, மாடிப்படியின் கடைசிக் கல்,
தண்ணீர்த் தொட்டியின் விளிம்பு.
எட்டுத் தறி எனக்கு,
பொதுச்சுவருக்கு அந்தப் பக்கம் கருணாம்பிகைக்கு நாலு,
தெருவை எண்ணினால் முந்நூறுக்குக் குறையாது.
டம்ளர்த் தண்ணீர் தானாக வட்டம் போடுகிற ஊரில்
எதைக் காட்டுவேன்?

மதியம் கல்குவாரி வேட்டு வேறு.
வேட்டுக்கு வேட்டு கேட்கும்:
"நடுக்கத்தை நீ அனுபவித்தாயா?"
கீழே மூன்று பொத்தான்.
ஆம். இல்லை. ஓடினேன்.

அவள் ஊரில் நிஜமாகவே ஆடியது இரண்டு தடவை.
இரண்டாவது, ஐந்து புள்ளி ஒன்று.
பாவு பிணைத்துக்கொண்டிருந்தவன்
கை நடுங்கக் கூப்பிட்டேன்.
"பல்லு வெளக்கிட்டிருந்தேன்ப்பா,
கண்ணாடில நான் ரெண்டாத் தெரிஞ்சேன். அவ்வளவுதான்."
எனக்கு அன்றைக்கு
நாலு இடத்தில் துணி பழுது.

ஆனியில் கூலிப் பேச்சு முறிந்து
தறிகளை நிறுத்தினோம்.
முதல் ராத்திரி தெருவில் ஒருவரும் தூங்கவில்லை.
சத்தத்தில் பிறந்த கைக்குழந்தைகள்
என்னமோ ஆகிவிட்டதென்று அழுதன.
நாலாம் நாள் போன் சொன்னது:
"வாழ்த்துகள். உன் இடம் நிலையானது."

பத்தொன்பதாம் நாள், ராத்திரி ஒன்றே முக்கால்.
போன் விழித்தது.
கத்தவில்லை, முனகியது.
வரைபடத்தில் எங்கும் புள்ளி இல்லை.
தைவான் அசையாமல் கிடந்தது.
நொய்யல் பக்கம் நாய்கூடக் குரைக்கவில்லை.
திரையில் பச்சைக் கோடு மட்டும்
குட்டிக் குட்டிப் பல்லாக ஓடிக்கொண்டிருந்தது.

நிலநடுக்கம் இப்படிக் கணக்காக வராது.
நிமிஷத்துக்கு நூற்றிருபது.
இடப்பக்கம் அடிக்கும்போது மட்டும்
நூலிழை தாமதம்.
அந்தத் தறியை மாட்டிக் கொடுத்தவன் நான்தான்.
ஆப்பு சரியில்லைங்க, அப்புறம் பார்க்கலாம் என்று
ஒன்பது வருஷமாகச் சொல்லி வருகிறேன்.

சுவரில் காது வைத்தேன். ஒன்றும் கேட்கவில்லை.
காலுக்கடியில் ரப்பர், ஜன்னலுக்குச் சாக்கு,
கதவுக்கு மெத்தை கொடுத்திருப்பாள்.
பையனுக்குக் கல்லூரிப் பணம் கட்ட
வெள்ளிக்கிழமை கடைசி.
நாலில் ஒன்றுதான் ஓடுகிறது.

யார் ஓட்டினாலும் பாவை அறுப்பது:
தீர்மானத்தில் மூன்றாவது கையெழுத்து என்னுடையது.
கையெழுத்து நல்லா இருக்குதுங்க என்று
தலைவர்கூடச் சொன்னார்.

"நடுக்கத்தை நீ அனுபவித்தாயா?"

செருப்பை மாட்டினேன்.
அவள் வாசல் விளக்கு வரைக்கும் போனேன்.
திரும்பி வந்து செருப்பைக் கழற்றினேன்.
இல்லை என்று அழுத்தினேன்.
உறுதியா என்றது.
இல்லைங்க என்று வாய்விட்டே சொன்னேன்.
"நன்றி. உன் பதில் உலகத்துக்கு உதவும்."

காலையில் பால் வண்டியடியில் நின்றிருந்தாள்.
"தூக்கமே இல்லீங்க, கொசு."
ஆமாங்க, கொசுதானுங்க.
அவள் புருவத்தில் ஒரு பொட்டுப் பஞ்சு.
வரிசையில் எங்களுக்குப் பின்னால் தலைவர்.
நான் என் புருவத்தைத் தொட்டுக் காட்டினேன்.
துடைத்துக்கொண்டு
அரை லிட்டர் போதும் என்றாள்.